பதினோரு வீட்டு விருந்து

ஜூலை 5, சனி

சர்க்கரை இருப்பது உறுதியாகிவிட்டது. வெறும் வயிற்றில் நூற்றுத் தொண்ணூற்றாறு. டாக்டரம்மாவுக்கு என்னைவிடப் பத்து வயதாவது குறைவாக இருக்கும். ஆனால் மிரட்டுவதில் எங்கள் தலைமை ஆசிரியர் அவரிடம் பிச்சை வாங்க வேண்டும். மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டு, ஒரு வாரத்துக்கு வாயில் போடுவதையெல்லாம் ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதிக் கொண்டுவரச் சொன்னார். பொய் எழுதினால் ரத்தம் காட்டிக்கொடுத்துவிடுமாம். நாற்பது வயதில் ஒரு வரலாற்று ஆசிரியனுக்கு வீட்டுப்பாடம்.

விஷயம் வெளியே போகக்கூடாது என்று மனைவி கோமளாவிடம் கறாராகச் சொல்லிவிட்டேன். ஆசிரியர் அறைக்குத் தெரிந்தால் வெந்தயம், பாகற்காய், நாவல்கொட்டை என்று ஆளுக்கொரு மருத்துவமனை திறந்துவிடுவார்கள்.

காலை: இட்லி மூன்று. மதியம்: சோறு ஒரு கிண்ணம், முருங்கைக்கீரை. மாலை: சர்க்கரை இல்லாத டீ. இரவு: சப்பாத்தி இரண்டு. மைசூர்பாகு ஒன்று (சிறியது).

ஜூலை 6, ஞாயிறு

காலை: இட்லி மூன்று.

இன்று மாரியம்மன் கோயில் எதிரே முன்னாள் படைவீரர் சங்கம் கூட்டம் போட்டது. இந்த ஊரில் தெருவுக்கு நாலு வீடு பட்டாளத்து வீடு. எல்லையில் பத்து நாளாகத் துப்பாக்கிச் சத்தம் என்பதால் வீரர்களுக்கு ஆதரவு தெரிவித்துக் கூட்டம். சங்கத் தலைவர், ஓய்வுபெற்ற சுபேதார் எத்திராஜ், என்னைப் பேச அழைத்திருந்தார். நான் மன்னார்குடியிலிருந்து மாற்றலில் வந்து இரண்டு வருடம்தான் ஆகிறது. ஆனாலும் மைக் என்றால் என் பெயர்தான் முதலில் வரும். அது என் குற்றமல்ல.

இருபது நிமிடம் பேசினேன். பேச்சுவார்த்தையெல்லாம் கோழைகளின் வேலை என்றேன். இந்த முறை பாதியில் நிறுத்தக்கூடாது, முடித்துவிட்டுத்தான் திரும்ப வேண்டும் என்றேன். கடைசியில், எனக்கே உடம்பு சிலிர்த்துப்போய், "நாளைக்கே கூப்பிட்டாலும் சாக்பீஸைப் போட்டுவிட்டுத் துப்பாக்கி தூக்க நான் தயார், இந்த அம்மன் சாட்சி" என்று முடித்தேன்.

கைதட்டல் வரும் என்று ஒரு நொடி நிறுத்தினேன். வரவில்லை. கூட்டம் அப்படியே எழுந்து நின்றது. பூசாரி கோயில் மணியை மூன்று முறை அடித்துவிட்டு இறங்கி வந்து என் நெற்றியில் குங்குமம் வைத்தார். இரண்டு பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். இப்படி ஒரு வரவேற்பு என் வாழ்நாளில் எந்தப் பேச்சுக்கும் கிடைத்ததில்லை.

மதியம்: சோறு, சாம்பார். கூட்டத்தில் கொடுத்த ரோஸ்மில்க்.

ஜூலை 7, திங்கள்

காலை ஏழு மணிக்கு எத்திராஜ் வந்தார். கையில் தட்டு. தட்டில் வெற்றிலை பாக்கு, தேங்காய், கதம்பம். சாயங்காலம் அவர் வீட்டில் விருந்து என்றார். பேச்சுக்கு மரியாதை என்று நினைத்துச் சந்தோஷமாக ஒப்புக்கொண்டேன்.

போனால் தலைவாழை இலை. அவர் மனைவி ஆரத்தி எடுத்தார். ஆட்டுக்கறிக் குழம்பு, கேழ்வரகுக் களி, முட்டை, சேமியா பாயசம். பாயசம் பாதி இறங்கிய நேரத்தில் எத்திராஜ் விளக்கினார். இந்த ஊரில் பட்டாளத்தில் சேரப் போகிறவனுக்குப் பட்டாளத்து வீடுகள் ஒவ்வொன்றும் ஒரு வேளை சோறு போடுவது வழக்கமாம். ஒவ்வொரு வீட்டு உப்பையும் தின்றுவிட்டுப் போகிறவன் அத்தனை வீட்டுக்கும் பிள்ளை. எனக்காகப் பதினோரு வீடு பட்டியல் போட்டிருக்கிறார்கள்.

நான் ஏதோ சிரித்து மழுப்பப் பார்த்தேன். மேடைப்பேச்சு வேறு, மனு போடுவது வேறு என்கிற மாதிரி இழுத்தேன். அவர் அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்.

"அம்மன் முன்னாடி நின்னு போறேன்னு சொன்னவங்க யாரும் இந்த ஊர்ல போகாம இருந்ததில்ல சார்" என்றார்.

அப்போதே உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஏன் என்பதை டாக்டரம்மா எழுதச் சொல்லவில்லை.

பாயசம் இரண்டாவது முறையும் ஊற்றினார்கள்.

ஜூலை 8, செவ்வாய்

பள்ளிக்குள் நுழைந்ததும் ஒன்பதாம் வகுப்பு 'பி' பிரிவு வரிசையாக நின்று சல்யூட் அடித்தது. இந்தப் பிரிவு நான் வகுப்புக்குள் போனால்கூட எழுந்து நிற்காது. தலைமை ஆசிரியர் என்னை அறைக்குக் கூப்பிட்டு, பணி விடுப்புக்கு எந்த விதியில் விண்ணப்பிக்க வேண்டும் என்று பார்த்து வைப்பதாகச் சொன்னார். பத்து நாள் மருத்துவ விடுப்பு கேட்டால் பத்து கேள்வி கேட்கிற மனிதர், இதற்கு மட்டும் அவ்வளவு வேகம்.

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன்: நன்றாக இருந்தது. கடைத்தெருவில் நடந்தால் வழிவிடுகிறார்கள். டீக்கடையில் என்னை உட்கார வைத்துவிட்டு மற்றவர்கள் நிற்கிறார்கள். இரண்டு வருடமாக "வெளியூர் வாத்தியார்" என்ற பெயர்தான். நேற்று முதல் "நம்ம சார்".

மதியம் ஒரு வீடு: பிரியாணி, கத்திரிக்காய் தொக்கு, கேசரி. சாயங்காலம் ஒரு வீடு: பூரி, குருமா, மக்கன் பேடா. மக்கன் பேடாவுக்குள் முந்திரி, திராட்சை எல்லாம் வைத்து, பாகில் ஊறப்போட்டு... எழுதும்போதே ரத்தம் காட்டிக்கொடுக்கிறது.

கோமளா இன்று என்னோடு அதிகம் பேசவில்லை.

ஜூலை 9, புதன்

மதியம் மூன்று வீடு தள்ளி இருக்கும் ஒரு ஹவில்தார் வீட்டில். கோழிக்குழம்பு. சாயங்காலம் எதிர் வீட்டு நிர்மலா வீட்டில்.

நிர்மலாவின் கணவன் தனசேகர் எல்லையில் இருக்கிறான். போன மாசி மாதம் லீவில் வந்தபோது எங்கள் வீட்டு மோட்டார் பம்பைக் கழற்றிப் பார்த்து, ஒரு பைசா வாங்காமல் சரி செய்து கொடுத்தவன். கல்யாணமாகி மூன்று வருடம். ஒன்றரை வயதில் பெண் குழந்தை. ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அவனிடமிருந்து போன் இல்லை.

அந்தப் பெண் தனியாக அத்தனையும் சமைத்திருந்தாள். முள்ளுக் கத்திரிக்காய்க் குழம்பு, அப்பளம், தயிர், ஜவ்வரிசிப் பாயசம். பரிமாறும்போதும் போன் இடுப்பில்தான் செருகியிருந்தது. ஒரு தடவை மணி அடித்தது. யாரோ லோன் வேண்டுமா என்று கேட்டார்கள். அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் நான் அப்பளத்தை நொறுக்கினேன்.

தொலைக்காட்சியில் என்னைப்போல ஒருவர், முடித்துவிட்டுத்தான் திரும்ப வேண்டும் என்று கத்திக்கொண்டிருந்தார். நிர்மலா எழுந்து போய் அதை அணைத்துவிட்டு வந்து கேட்டாள்.

"நீங்க போனீங்கன்னா, அவருக்குக் கொஞ்ச நாள் லீவு குடுப்பாங்களா சார்?"

கிண்டல் இல்லை. குத்திக்காட்டவும் இல்லை. ஒருவர் போனால் ஒருவர் வரலாம் என்று நிஜமாகவே கணக்குப் போட்டு வைத்திருக்கிறாள்.

குடுக்கலாம் என்று சொன்னேன்.

ஜூலை 10, வியாழன்

காலை எதுவும் சாப்பிடவில்லை. மாத்திரை மட்டும்.

எத்திராஜ் பிரவுசிங் சென்டரில் பிரிண்ட் எடுத்த மனுவோடு வந்தார். வேலையில் இருப்பவர்களும் சேரக்கூடிய ஒரு படைப்பிரிவு. வயது வரம்பு நாற்பத்திரண்டு. "ரெண்டு வருஷம் கையில இருக்கு சார், அம்மன் உங்களுக்குன்னே வச்சிருக்கா" என்றார். சொல்லிக்கொண்டே பேனா மூடியைக் கழற்றி என் பக்கம் நீட்டினார். பட்டாளத்தில் சேர இந்த ஊருக்கு வெளியே இருந்து ஒருவன், அதுவும் படித்த வேலையில் இருப்பவன், வருவது அவருக்கு அத்தனை பெரிய விஷயம். கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

அவர் போனதும் கோமளாவிடம் என் திட்டத்தைச் சொன்னேன். மனு போகட்டும். உடல் தகுதிப் பரிசோதனைக்குக் கூப்பிடுவார்கள். ரத்தம் எடுப்பார்கள். சர்க்கரை என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். போகத் துடித்தான், உடம்பு இடம் கொடுக்கவில்லை என்று ஊர் சொல்லும். ஒரு பொய்கூட நான் சொல்ல வேண்டியதில்லை.

கோமளா பீன்ஸ் நறுக்கிக்கொண்டே கேட்டாள். நறுக்குவதை நிறுத்தவில்லை.

"சர்க்கரை இல்லைன்னா போயிருப்பீங்களா?"

இது தேவையில்லாத கேள்வி என்றேன். அவள் பீன்ஸை அள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

சாயங்காலம் ஆறாவது வீடு. அதிரசம்.

ஜூலை 11, வெள்ளி

இரண்டு வீடு. என்ன சாப்பிட்டேன் என்று நினைவில்லை. தனசேகரிடமிருந்து போன் இல்லை.

ஜூலை 12, சனி

காலை: இட்லி இரண்டு. இன்று நோட்டைக் காட்டப் போக வேண்டிய நாள். போகவில்லை.

பத்து மணி இருக்கும். வாசலில் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தேன். எதிர் வீட்டில் நிர்மலா கத்துவது கேட்டது. அந்தச் சத்தம் நல்லதா கெட்டதா என்று அந்த நேரத்தில் தெரியவில்லை. ஈரத்துணியோடு அப்படியே நின்றேன். போய் என்ன என்று கேட்கக்கூட எனக்குத் தைரியம் வரவில்லை. கோமளாதான் செருப்புக்கூடப் போடாமல் தெருவைத் தாண்டி ஓடினாள்.

நல்ல சத்தம்தான். தனசேகர் பேசிவிட்டான். அவன் இருக்கும் பக்கத்தில் ஆறு நாளாக டவரை நிறுத்தி வைத்திருந்தார்களாம். நேற்று சாயங்காலம் இரண்டு தரப்பு அதிகாரிகளும் பேசி, சுடுவதை நிறுத்திவிட்டார்களாம். ஒரு கீறல் இல்லை அவனுக்கு. நிர்மலா சிரிக்கிறாளா அழுகிறாளா என்று அவளுக்கே தெரியாமல், போனை என் கையில் திணித்தாள்.

அவன் குரல் ஜலதோஷம் பிடித்தமாதிரி இருந்தது. கூட்டத்தைப் பற்றி நிர்மலா சொல்லியிருக்கிறாள். பேச்சு நன்றாக இருந்ததாமே என்று விசாரித்தான். எப்படி இருக்கிறாய் என்று மட்டும் கேட்டேன்.

"நல்லதாப் போச்சு சார், நின்னுடுச்சு" என்றான். "இன்னைக்குத்தான் பூட்ஸைக் கழட்டினேன்."

போனைக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்து கட்டிலில் உட்கார்ந்தேன். அழுகை வந்தது. சத்தம் போட்டே அழுதேன். கோமளா வந்து தோளைப் பிடித்துக்கொண்டாள். பேச்சுவார்த்தை கோழைகளின் வேலை என்று மைக்கில் முழங்கியவன், எந்த அதிகாரியோ எங்கேயோ உட்கார்ந்து பேசி முடித்ததற்காக அப்படி அழுதேன். அந்த நிம்மதியை எழுத எனக்கு வார்த்தை இல்லை. ஆறு நாளாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த ஒருவன் எழுந்து போனமாதிரி இருந்தது.

இது தனசேகருக்காக மட்டும் வந்த நிம்மதி என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். டாக்டரம்மா பொய் எழுதக்கூடாது என்றிருக்கிறார். சண்டை நின்றுவிட்டது, இனி மனுவை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள் என்பதும் அதில் பாதி.

அந்தப் பாதி மதியமே கெட்டது. எத்திராஜைக் கடைத்தெருவில் பார்த்தேன். சண்டை இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஆள் எடுப்பது நடக்கும் என்றார். திங்கட்கிழமை தபாலில் சேர்த்துவிடுவாராம்.

மதியம் ஒரு வீடு, சாயங்காலம் ஒரு வீடு. இனி ஒன்றுதான் பாக்கி.

ஜூலை 13, ஞாயிறு

காலை: எதுவும் இல்லை. மதியம் செங்கமலம் வீட்டில்.

செங்கமலம் தெருக்கோடியில் தையல் கடை வைத்திருப்பவர். என் சட்டைக்குக்கூட இரண்டு முறை காலர் மாற்றித் தந்திருக்கிறார். பதினாறு வருடத்துக்கு முன் அவர் கணவர் எல்லையில் குண்டு பட்டு இறந்தது எனக்கு வந்த புதிதிலேயே தெரியும். ஆனால் விருந்து வரிசையில் கடைசி வீடு எப்போதும் அவர் வீடுதான் என்பதும், அங்கே என்ன செய்ய வேண்டும் என்பதும் போகிற வழியில் எத்திராஜ் சொல்லித்தான் தெரிந்தது. போகிறவன் தன் மனுவைத் தன் கையாலேயே அந்த வீட்டுப் படத்தின் முன்னால் வைக்க வேண்டும். அந்த அம்மா அதில் குங்குமம் வைத்து எடுத்துக் கொடுத்த பிறகுதான் தபாலில் சேர்ப்பார்கள். அப்புறம்தான் சாப்பாடு.

நான், கோமளா, எத்திராஜ் மூவரும் போனோம். நிர்மலா குழந்தையோடு முன்னமே வந்து காய் நறுக்கிக் கொடுத்திருந்தாள். சின்ன வீடு. தையல் மெஷினை ஓரமாக நகர்த்தி, இலை போட்டிருந்தார்கள். சுவரில் அவர் கணவர் படம். நான் பெரிய மீசையோடு ஒரு வீரரை எதிர்பார்த்திருந்தேன். படத்தில் இருந்தவருக்கு இருபத்தெட்டு, இருபத்தொன்பது வயதுதான் இருக்கும். என்னிடம் படித்துவிட்டுப் போன பையன்களில் ஒருவன்போல இருந்தார். காது கொஞ்சம் விடைத்திருந்தது.

எத்திராஜ் சட்டைப்பையிலிருந்து மனுவை எடுத்து மரியாதையாக இரண்டு கையாலும் என்னிடம் நீட்டினார். வாங்கினேன். படத்துக்கு முன்னால் போய் நின்றேன்.

சர்க்கரை காப்பாற்றிவிடும் என்பது நினைவில் இருந்தது. வைத்துவிட்டு வந்தால் போதும். இரண்டே மாதத்தில் கௌரவமாகத் திரும்பி வந்துவிடலாம். கை முன்னால் போகவில்லை. அந்தப் பையனுக்கு முன்னால் அந்தக் காகிதத்தை வைக்க என்னால் முடியவில்லை.

திரும்பிச் சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்று வரிசையாக நினைவில்லை. எனக்குச் சர்க்கரை இருக்கிறது, என்னை எடுக்க மாட்டார்கள், அது தெரிந்தேதான் கையெழுத்துப் போட்டேன் என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். கோமளா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சர்க்கரை இல்லாட்டியும் போயிருக்க மாட்டேன்" என்றேன். "எனக்குப் பயம். அன்னைக்குப் பேசுறப்போ நான் போறதா நெனச்சுப் பேசல. வேற யாரோ போவாங்கன்னுதான் பேசினேன்."

நிர்மலாவிடம், லீவு குடுக்கலாம் என்று சொன்னதும் ஒன்றும் தெரியாமல் சொன்னதுதான் என்றேன். அவள் குழந்தையை இடுப்பு மாற்றிக்கொண்டாள். தனசேகர் நேற்று போனில் அதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தாராம். "வாத்தியார் வந்தா அவரையும் சேர்த்து நான்தான் பாத்துக்கணும்" என்றாராம். சொல்லிவிட்டு அவளும் லேசாகச் சிரித்தாள்.

எத்திராஜ் சிரிக்கவில்லை. அவர் முகம் கறுத்துவிட்டது. இருபத்தாறு வருடம் பட்டாளத்தில் இருந்தவர், பத்து வீட்டில் எனக்காகப் பேசியவர். அவரை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. இலைக்கு முன்னால் உட்கார எனக்கு என்ன உரிமை என்று தோன்றியது. மனுவை அவரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு, செங்கமலத்தைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு, செருப்பை மாட்டப் போனேன்.

"எங்க போறீங்க? உக்காருங்க சார்" என்றார் செங்கமலம்.

நான் அந்தச் சோற்றுக்குத் தகுதியில்லாதவன் என்றேன். அவர் என் கையைப் பிடிக்காத குறையாக வந்து வழியில் நின்றுகொண்டார். அவர் கண்ணில் கோபம் இல்லை. ஒருமாதிரி தெளிந்துபோயிருந்தது முகம்.

"இந்த வீட்ல ஒம்போது பேருக்குச் சோறு போட்டு அனுப்பியிருக்கேன். ஒவ்வொரு தடவையும் ஒருத்தனாவது போகலன்னு சொல்லிட மாட்டானான்னு நெனச்சிக்கிட்டேதான் பரிமாறுவேன். ஒருத்தனும் சொல்லல. நீங்க ஒருத்தர் சொல்லியிருக்கீங்க, உங்களப் பட்டினியாவா அனுப்புவேன்?"

எத்திராஜ் கையிலிருந்த மனுவைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். இனிமேல் எந்தக் கூட்டத்திலும் என் கையில் மைக்கைத் தரப்போவதில்லை என்று சொன்னார். சரி என்றேன். என் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, தனக்கும் ஒரு இலை போடச் சொன்னார்.

செங்கமலம் சோறு வைத்தார். போதும் என்று கையைக் குறுக்கே நீட்டினேன். அவர் கேட்கவில்லை, இன்னொரு கரண்டி வைத்தார். படத்துக்கு அடியில் உட்கார்ந்து, ஒரு வாரத்தில் முதல்முறையாகப் பசித்துச் சாப்பிட்டேன்.